புகை போன இடம்

வெங்காயத்தை வேண்டுமென்றே கருகவிட்டு, சிம்னியை முழு வேகத்தில் போட்டுவிட்டு, அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்துக்கு ஓடினாள். புகை வெளியே வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பரணில் வயிற்றால் ஊர்ந்து, கழுத்து பிடித்துக்கொண்டு, தலையெல்லாம் ஒட்டடையாக, சிம்னிக்குக் குழாய் மாட்டிய வேலை. அதன் பலனாக வரப்போகும் ஒரு கொத்துப் புகையைப் பார்க்காமல் விட மனசு வரவில்லை.

சந்தில் சாயங்கால வெயில் சுவரின் மேல்பாதியில் மட்டும் மிச்சமிருந்தது. அவள் அண்ணாந்தாள். படுக்கையறை ஜன்னல் இருந்தது. அதற்கு மேலே மழைத்தண்ணீர் வழிந்து வழிந்து கறுத்த கோடுகள். ஆணியில் சிக்கித் தொங்கும் ஒரு பழைய கேபிள் வயர். அவ்வளவுதான். ஓட்டை இல்லை. அடைத்த ஓட்டையின் தழும்பும் இல்லை. சிமெண்டுப் பூச்சு ஒரே பூச்சாகக் கூரை விளிம்புவரை போயிருந்தது.

இடம் தப்பிவிட்டது என்று நினைத்து வீட்டைச் சுற்றி வந்தாள். ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். இடையில் கை நுழையாது. முன்பக்கம் வாசலும் கேட்டும். எங்கும் புகை இல்லை. மறுபடி சந்துக்கு வந்து, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, ஜன்னலிலிருந்து சாண் சாணாகக் கண்ணாலேயே அளந்து பார்த்தாள். பரண் முடிகிற இடம் அதுதான். குழாய் சுவருக்குள் போகிற இடம் அதுதான்.

சமையலறைக்குத் திரும்பியபோது வாணலியில் வெங்காயம் கரியாகிக் கிடந்தது. அதிலிருந்து கறுப்புப் புகை எழும்பி, ஆடாமல் அசையாமல், நூல் பிடித்தது போல நேராக சிம்னிக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு இழைகூட வெளியே தப்பவில்லை. அடுப்பை அணைத்த பிறகுதான் கவனித்தாள், வீட்டில் கருகிய வாடையே இல்லை. கருகிய வெங்காயம் திரைச்சீலையில் ஏறினால் லேசில் இறங்காது. திரைச்சீலையை முகத்தில் வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். துணி வாடைகூட இல்லை.

குழாய் போடாமல் இருக்க முடியாத நிலைமை. அவளுடைய பெண்ணுக்கு இளைப்பு. பேச்சு இப்போதுதான் வரத் தொடங்கிய பிள்ளை. பிறந்ததிலிருந்து ஆள் சின்னதாக இருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் அவள் பொடிசு. எண்ணெய் காய்ந்தால் போதும், பொடிசின் நெஞ்சு வேலையைத் தொடங்கிவிடும். மூச்சை உள்ளே இழுக்கும்போது நூல் போல ஒரு விசில். வெளியே விடும்போது ஈரமான கரகரப்பு. முடியும் இடத்தில், படிக்கட்டில் கால் தடுக்கியது போல, ஒரு சின்னத் தடுக்கல். அந்தத் தடுக்கலுக்கு அப்புறம் அடுத்த மூச்சு வருமா என்று காத்திருந்து காத்திருந்து அவளுக்குத் தூக்கமே மறந்துபோயிருந்தது. வேலையையும் அதற்காகத்தான் விட்டாள்.

"சமையல் புகை வீட்டுக்குள்ள நிக்கவே கூடாதும்மா," என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் சிம்னி இருந்தது. குழாய்தான் இல்லை. புகையை முன்னால் இழுத்து, தலைக்கு மேலே அதே சமையலறைக்குள் துப்பிக்கொண்டிருந்தது. வெளிச்சுவரில் ஓட்டை போட்டால் தீர்ந்தது. ஆனால் சாவி கொடுத்த அன்றே வீட்டுக்காரர் சொன்ன முதல் வார்த்தை, "சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது." புருஷனிடம் சொன்னால், "ஆகட்டும், கேட்டுப் பாக்கலாம்," என்பான். மாசக்கணக்காக ஆகட்டும் என்றுதான் இருந்தான். அவன் தொழிற்சாலையில் சாயங்கால ஷிப்ட் பார்ப்பவன். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்கும் நேரம்.

அவள் முன்பு ஏசி, சிம்னி ரிப்பேர் கடை ஒன்றில் போனில் புகார் வாங்கும் வேலை பார்த்தவள். மெக்கானிக்குகள் சண்டை போடுவதைக் கேட்டே பாதி வேலை தெரியும். குழாய் தொங்கக் கூடாது. வளைவு கூடினால் இழுப்பு குறையும். இணைப்பில் முதலில் கிளிப், அதற்கு மேல் அலுமினியம் டேப். கடைசியில் சிம்னி வலையில் ஒரு காகிதத்தை வைத்துப் பார்க்க வேண்டும். காகிதம் ஒட்டினால் வேலை முடிந்தது.

பரணைச் சுத்தம் பண்ண ஏறியபோதுதான் அந்த வாயைப் பார்த்தாள். சமையலறைக் கதவுக்கு மேலே தொடங்கி, நடையின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி ஓடி, பின்சுவரில் முட்டும் சிமெண்டுப் பரண். அது முட்டுகிற இடத்தில், பழைய பெட்டிகளுக்குப் பின்னால், சுவரிலிருந்து ஒரு தகரக் குழாய் கையளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. வாயில் ஒரு மூடி. மூடியைச் சுற்றி டேப். ஒரு டேப் அல்ல. மேலே பழுப்பு டேப், அதற்கடியில் கறுப்பு டேப், அதற்கும் அடியில் துணி டேப், அதற்கும் கீழே பொடிப்பொடியாக உதிரும் ஏதோ ஒன்று. எவனோ எலிக்குப் பயந்தவன் என்று நினைத்தாள். முன்பு குடியிருந்தவன் ஏதோ ஃபேன் மாட்டியிருக்கிறான், காலி பண்ணும்போது மூடியிருக்கிறான். ஓட்டை போட வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம். இருக்கிற ஓட்டை.

கத்தியால் அறுத்தாள். மூடி வந்தவுடன் முகத்தில் சில்லென்று காற்று பட்டது. வெளிக்காற்று என்று நினைத்தாள். வாங்கிவந்த அலுமினியக் குழாய் அந்த வாயில் அளவெடுத்துச் செய்தது போலப் போய் உட்கார்ந்தது.

"ஓட்டையே இல்லைங்க," என்றாள் புருஷன் சாப்பிட உட்கார்ந்தபோது.

"ஓட்டை இல்லாம எப்படி இழுக்கும்? இழுக்குது இல்ல?"

"இழுக்குது."

"நல்லா இழுக்குதா?"

"ரொம்ப நல்லா இழுக்குது."

"வேலை செய்யலைன்னு அழுறவங்களைப் பாத்திருக்கேன். வேலை செய்யுதுன்னு அழுறவளை இப்பதான் பாக்கிறேன். போடு, இன்னும் கொஞ்சம் போடு."

வாரக் கடைசியில் வீட்டுக்காரர் வந்தார். வந்ததும் சமையலறைச் சுவர் நான்கையும் கையால் தடவிப் பார்த்தார். கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவினார்.

"ஆணி கீணி அடிச்சியாம்மா?"

"இல்லை சார். ஏற்கெனவே இருந்த ஓட்டையிலதான் குழாயை மாட்டினேன்."

"எந்த ஓட்டை?"

"பரண் கடைசில ஒண்ணு இருக்கே."

அவர் ஏணியில் ஏறப் பார்த்தார். வயிறு முதல் படியிலேயே இடித்தது. இறங்கிவிட்டார். "இது நான் நின்னு கட்டின வீடும்மா. ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும். அங்க நான் ஓட்டை விடலை. எவனாவது குடித்தனக்காரன் பண்ணியிருப்பான். தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?"

"அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன சார் இருக்கு?"

"என்ன இருக்கும்? காத்துதான் இருக்கும்." சந்துக்குப் போய் வெளிச்சுவரைப் பார்த்துவிட்டு, திருப்தியாகத் திரும்பி வந்தார். "சுவரு சுத்தமா இருக்கு. நல்ல பொண்ணு. உன்னை மாதிரி நாலு பேர் குடிவந்தா நிம்மதியா இருப்பேன்."

அந்த வாரத்திலேயே பொடிசின் இளைப்பு நின்றது.

குறையவில்லை. நின்றது. ஒரு ராத்திரி விசில் இருந்தது, மறு ராத்திரி இல்லை. பக்கத்தில் படுத்து அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை. புருஷன் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தான். பக்கத்து வீட்டில், தொழிற்சாலையில், டீக்கடையில் எல்லாம் பெண்டாட்டியின் கைவேலையைப் பற்றிப் பெருமை பேசினான்.

டாக்டர் ஸ்டெத்தை வைத்தார். இடம் மாற்றி வைத்தார். முதுகில் வைத்தார். குழாயைக் காதிலிருந்து எடுத்து, விரலால் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். வெளியே பெஞ்சு நிறைய பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன.

"சத்தமே இல்லைம்மா. சுத்தமா சத்தமே இல்லை. எல்லாப் பிள்ளைங்களும் இப்படி ஆயிட்டா நான் கடையை மூட வேண்டியதுதான்," என்று சிரித்தார். அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தார்.

வரும் வழியில் அவள் பொடிசின் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். அங்கே ஒரு வாடை உண்டு. பாலும் வேர்வையும் சோப்பும் கலந்த, கொஞ்சம் புளித்த வாடை. அவள் கண்ணைக் கட்டிவிட்டு ஆயிரம் பிள்ளைகளுக்கு நடுவே விட்டாலும் அந்த வாடையை வைத்துத் தன் பிள்ளையைத் தூக்கிவிடுவாள். அது இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது தலை. தனக்குத்தான் மூக்கு அடைத்துவிட்டதோ என்று பார்த்தாள். தெருவில் பெட்ரோல் வாடை அடித்தது. சாக்கடை வாடை அடித்தது. வீட்டுக்குள் காலை வைத்ததும் எல்லாம் நின்றது. குப்பைக் கூடையைத் திறந்தாள். நேற்றைய மீன் செதில். வாடை இல்லை. பினாயில் பாட்டிலைத் திறந்தாள். இல்லை.

பிறகு சிரிப்பு. புருஷன் வயிற்றில் வாயை வைத்து ஊதினால் பொடிசு கெக்கலி கொட்டிச் சிரிப்பாள், தெருக்கோடிவரை கேட்கும். இப்போதும் சிரித்தாள். வாய் திறந்தது, கண் சுருங்கியது, உடம்பு குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"பாருங்க, சத்தமே வரலை."

"பெரிய மனுஷி ஆயிட்டா. உன்னை மாதிரி இல்லாம அமைதியா சிரிக்கிறா."

"விளையாடாதீங்க. தண்ணி கேட்டா, 'தா'ன்னு வாய் மட்டும் அசையுது."

"தொண்டை கட்டியிருக்கும். இத்தனை நாள் கத்தின தொண்டைதானே?"

"கொஞ்ச நாள் எங்க அக்கா வீட்டுல போய் இருக்கட்டுமா?"

அவன் அவளைப் பார்த்தான். கோபம்கூட இல்லை, களைப்புதான். "பிள்ளை இப்பதான் முதல் தடவையா நல்லா இருக்கா. சிம்னிக்குப் பயந்து வீட்டைக் காலி பண்ணினோம்னு நான் யார்கிட்ட சொல்றது?"

பிள்ளை நல்லா இருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். கன்னம் உப்பியிருந்தது. எடை கூடியிருந்தது. இதற்கு அழுகிற தாய்க்கு என்ன பேர் வைப்பது?

அவன் வேலைக்குப் போன ஒரு சாயங்காலம். பொடிசு நடையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். சமையல் இல்லை, காலையில் செய்தது மிச்சம் இருந்தது. அவள் சமையலறை மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது, பாத்திரங்களின் விளிம்புகள் மட்டும் மங்கலாக மின்னின, தண்ணீர்க் குழாயிலிருந்து சொட்டும் நீர் தொட்டியில் விழும் சத்தத்துக்கு இடையே வேறு ஒரு சத்தம் வந்துபோவதை அவள் கை முதலில் உணர்ந்தது, காது பிறகுதான் கேட்டது.

டக்.

சிம்னியின் தலைக்குள் ஒரு மெல்லிய தகடு உண்டு. ஃபேன் ஓடினால் காற்று அதைத் தள்ளித் திறக்கும். ஃபேன் நின்றால் விழுந்து மூடும், வெளியே போன புகை திரும்பி வராமலிருக்க. அது மூடும் சத்தம் அவளுக்குத் தெரியும்.

டக்.

ஃபேன் ஓடவில்லை. ஸ்விட்ச் அணைத்தே இருந்தது. அவள் ப்ளக்கையும் பிடுங்கினாள்.

மெதுவாக, கீல் முனகுவது போல, தகடு திறந்தது. துடைத்துக்கொண்டிருந்த துணியின் நுனி அவள் கையிலிருந்து எழும்பி சிம்னியைப் பார்த்து நின்றது. பிறகு விழுந்தது. டக்.

குழாய் மாட்டிய அன்று காகிதம் வைத்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. காகிதம் வலையில் பச்சக்கென்று ஒட்டியது. அவள் சந்தோஷத்தில் கைதட்டினாள், பொடிசும் தட்டினாள். அப்புறம்தான் ப்ளக்கைச் சொருகினாள். ஆமாம். அப்புறம்தான். காகிதம் ஒட்டியபோது ப்ளக் மேடைமேல் கிடந்தது.

அவள் குழாயின் அடியிலேயே நடந்தாள். சமையலறையிலிருந்து நடைக்கு. அண்ணாந்தபடி. பரணின் விளிம்பில் அலுமினியம் இருட்டில் சாம்பலாகத் தெரிந்தது. பாதி வழியில் நின்றாள்.

மேலே, குழாய்க்குள், நூல் போல ஒரு விசில்.

பிறகு ஈரமான கரகரப்பு.

பிறகு தடுக்கல்.

அவள் காத்திருந்தாள். உடம்பு தன்னிச்சையாகக் காத்திருந்தது, பழகிய உடம்பு. அடுத்த விசில் வந்தது. எத்தனையோ ராத்திரி மடியில் வைத்துக் கேட்டது. வேறு எந்தப் பிள்ளையினுடையதும் இல்லை. அது அவள் பிள்ளையின் இளைப்பு. பரணில் ஓடிக்கொண்டிருந்தது.

பாயில் மண்டியிட்டாள். பொடிசின் மார்பு ஏறியது, இறங்கியது. சமையலறையில் தகடு திறந்தபோது ஏறியது. டக் என்று விழுந்தபோது இறங்கியது. அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். காற்று இல்லை. வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்தாள். இல்லை. கன்னத்தை ஒட்டினாற்போல் வைத்தாள். மார்பு ஏறியது. இறங்கியது. எதுவும் உள்ளே போகவில்லை. எதுவும் வெளியே வரவில்லை.

தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று தோன்றியது. வாசல்வரை தூக்கிக்கொண்டு போகவும் செய்தாள். அங்கே நின்றாள். ஓடினால் பிள்ளை வெளியே வரும். மூச்சு இங்கேயே கிடக்கும்.

புருஷனுக்குப் போன் போட்டாள். "உடனே வாங்க," என்றாள். குரலில் என்ன இருந்ததோ, அவன் ஏன் என்று கேட்கவில்லை.

வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்ன ஆச்சு? நல்லாத்தானே தூங்குறா?"

"மூக்குக்கிட்ட விரலை வைங்க."

"ஏய், நீ முதல்ல உக்காரு. தண்ணி குடி."

"வைங்கன்னு சொல்றேன்ல."

வைத்தான். முகத்தில் இருந்த சலிப்பு அப்படியே இருந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. விரலை நாக்கில் நனைத்துக்கொண்டு மறுபடி வைத்தான். மார்பில் காதை வைத்தான். வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது அவளைப் பார்க்காமல் பரணைப் பார்த்தான். அவனுக்கும் அந்த விசில் கேட்டிருக்க வேண்டும்.

"அதைக் கழட்டு," என்றான்.

"நீங்க பிள்ளையைப் பிடிச்சுக்குங்க."

"கழட்டினா திரும்பி வந்துடும் இல்ல?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"நீதானே மாட்டினே."

கத்தியையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். பரணின் சிமெண்டு குளிர்ந்திருந்தது. வயிற்றால் ஊர்ந்தாள். பக்கத்தில் குழாய். தோள் அதில் உரசியபோது சட்டென்று விலகினாள். வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பு எரியாத நாளில், காய்ச்சல்காரனின் முதுகு போல வெதுவெதுப்பாக, மேலெல்லாம் பொடிப்பொடியாக வியர்த்து. அதன் மடிப்புகள் ஒன்றோடொன்று நெருங்கின. விரிந்தன. விசில். கரகரப்பு. தடுக்கல். அவள் அதன் கூடவே ஊர்ந்தாள். வேறு வழி இல்லை, பரண் அவ்வளவுதான் அகலம்.

சுவரை அடைந்தாள். கீழே, பரண் விளிம்புக்கு அப்பால், புருஷன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். போன் வெளிச்சம் தரையில். மடியில் பொடிசு.

"இருக்காளா?"

"இருக்கா. நீ சீக்கிரம் பண்ணு."

டேப்பை அறுத்தாள். அவளே சுற்றியது, இறுக்கமாக, அழகாக. அடிப்பக்கம் ஈரமாக வந்தது. கிளிப்பின் திருகாணி துருப்பிடித்திருந்தது. புது கிளிப். திருகினாள். வழுக்கியது. திருகினாள். கிளிப் கழன்று இருட்டில் எங்கேயோ விழுந்து ஒலித்தது. குழாயை இரண்டு கையாலும் பிடித்தாள். இழுத்தாள். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள்.

வந்தது.

சுவரில் அந்த வட்டம். கறுப்பு. காற்று இல்லை. சத்தம் இல்லை. வீடு முழுக்க எதுவும் இல்லை. அவள் ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தாள்.

"ஏய்."

அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"ஏய், நின்னுடுச்சு."

"என்ன?"

"மாருல அசைவு இல்லை. நின்னுடுச்சு. ஏய், மாட்டு! மாட்டு அதை!"

அவள் குழாயை வாயில் வைத்து அழுத்தினாள். கோணலாக உட்கார்ந்தது. எடுத்தாள். மறுபடி. கிளிப் இல்லை. டேப் இல்லை. இரண்டு உள்ளங்கையாலும் இணைப்பைச் சுற்றிப் பொத்தினாள். அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினாள்.

சுவருக்குள், வெகுதூரத்தில், ஏதோ ஒன்று இழுத்தது.

விசில்.

"வந்துடுச்சு," என்றான் கீழே. அழுதான். "வந்துடுச்சு, மாரு ஏறுது. பிடிச்சுக்க. விடாதே! கையை எடுக்காதே!"

"எடுக்கலை."

"அப்படியே பிடி."

பிடித்தாள். குழாயின் மடிப்புகள் நெருங்கின. விசில் நீண்டது. அடுத்து கரகரப்பு வர வேண்டும். அந்த இடம் அவளுக்குத் தெரியும், எந்த இடத்தில் திரும்பும் என்று தெரியும். அந்த இடம் வந்தது. போனது.

விசில் நிற்கவில்லை.

மடிப்புகள் இன்னும் நெருங்கின. ஒன்றின்மேல் ஒன்று ஏறின. உள்ளங்கைத் தோல் இணைப்பின் இடுக்கில் இழுபட்டது. வலித்தது. பிடித்துக்கொண்டிருப்பது தானா, சுவரா என்று தெரியவில்லை.

"போதும்," என்றான் கீழே. மெதுவாக. யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. "போதும்... போதும்டி. இது என்ன, நிறுத்து. நிறுத்து!"

"நான் ஒண்ணும் பண்ணலை!"

"விடு! கையை எடு!"

"எடுத்தா நின்னுடும்!"

"விடு!" பிறகு, "விடாதே!" பிறகு வார்த்தையே இல்லை. அவன் பிள்ளையின் விலாவை இரண்டு பக்கமும் கையால் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தான், வீங்குகிற ஒன்றை மூடப் பார்ப்பவன் போல.

அவள் கழுத்தைத் திருப்பி விளிம்புக்குக் கீழே பார்த்தாள்.

பொடிசு விழித்திருந்தாள். அழவில்லை. அண்ணாந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையின் மேல் பொத்தான் தெறித்துத் தரையில் உருண்டது. அடுத்த பொத்தான் தெறித்தது. மார்பு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.